அக்கா அனுப்பிய மெஷினும் அக்கா கேட்ட மெஷினும்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வாஷிங் மெஷின் வீட்டை விட்டு வெளியேறப் பார்த்தது.

நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் கடகடவென்று சத்தம். அது வழமையான சத்தம்தான். எங்கள் மெஷினுக்கு இரண்டு தொட்டிகள். ஒன்று துவைக்கும், மற்றது சுழன்று பிழியும். பிழியும்போது கொஞ்சம் கத்தும். ஆனால் அன்றைக்குக் கடகட, தடதடவாக மாறியது. எட்டிப் பார்த்தேன். மெஷின் தன் மூலையை விட்டுக் கிளம்பி, தண்ணீர்க் குழாயையும் இழுத்துக்கொண்டு, சீமெந்துத் தரையில் குலுங்கிக் குலுங்கி வாசற்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க! ஓடி வாங்க! மெஷின் வெளிய போகுது!"

என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பவர், இயந்திரங்கள் தெரிந்தவர். ஏதாவது ஒரு விசையைத் திருப்பி நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நேராகப் போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மெஷின் அவரையும் சேர்த்து ஆட்டியது. "பிளக்கைக் கழட்டும்! கழட்டும்!" என்று அவர் கத்தியது எனக்கு "பி-பி-பி" என்றுதான் கேட்டது.

நான் பிளக்கைக் கழற்றுவதற்குள் உள்ளே 'டங்' என்று ஒரு அடி. பிறகு இறப்பர் கருகும் வாடை. மெஷின் நின்றது. கணவர் இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றார்.

அப்போது என் அக்கா ராணி, வேலைக்குப் போகும் பச்சைச் சேலையில், கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கதவடியில் வந்து நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். புகையைப் பார்த்தாள்.

"போச்சா?" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அவள் குரலில் துக்கம் இருந்ததாகத்தான் அன்று நான் நினைத்தேன்.

ஒரு திருத்தம்

இந்தப் பத்திரிகைத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு இந்த மெஷினைத் தெரிந்திருக்கும். சில வாரங்களுக்கு முன் அதைப் பற்றி ஒரு பாராட்டுரையே எழுதியிருந்தேன். குவைத்தில் வீட்டு வேலை செய்த அக்கா, தன் உழைப்பில் வாங்கி, புத்தம் புதிதாக எங்களுக்கு அனுப்பிய மெஷின் என்று. அதில் ஒரு விஷயம் பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா சிரிப்பா எழுது" என்றாள்.

மெஷின் வந்தபோது நாங்கள் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. ஒரு முன் அறை, ஒரு பின் அறை, ஒரு குசினி. அக்கா குவைத் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். என் செருப்பிலிருந்து புத்தகம் வரை அக்கா அனுப்பியதுதான்.

கார்கோ லொறி தோட்டத்து ரோட்டின் அடியில் நின்றுவிட்டது. மேலே ஏற வழியில்லை. நாலு பேர் மூங்கில் கட்டி, மெஷினைத் தோளில் தூக்கி வந்தார்கள். பின்னால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்தன. போர்வைகளையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தால் வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி. அப்பா விபூதி பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். மூடியில் ஒரு கீறல் இருந்தது. லொறிக்காரர்கள்தான் கீறிவிட்டார்கள் என்று அப்பா அவர்களை ஏசினார். அவர்கள் பாவம், ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை. பொதுப் பீலியிலிருந்துதான் தண்ணீர். மின்சாரம் இருந்தது, ஆனால் மெஷினைப் போட்டால் பல்ப் மங்கும். ஆகவே அது ஒரு வருடத்துக்கு மேல் முன் அறையில், பூப்போட்ட துணி மூடி, சும்மா நின்றது. வந்தவர்கள் ஃபிரிட்ஜ் என்று நினைத்துக் குளிர்ந்த தண்ணீர் கேட்டார்கள். அம்மா ஒரு தொட்டியில் அரிசியும் மறு தொட்டியில் பருப்பும் போட்டு வைத்தாள். எலி ஏற முடியாத ஒரே இடம் அதுதான். அந்த வருடம் எங்கள் வீட்டில் எலி கடித்த பருப்பு என்ற பேச்சே இல்லை.

நான் ஆசிரியையாகி, கல்யாணமாகி மாத்தளை டவுனுக்கு வந்தபோது மெஷினும் என்னோடு வந்தது. இங்கேதான் முதல் முதலாக உடுப்பு துவைத்தது. முதல் துவைப்பில் வெளியே வந்த தண்ணீரில் நாலைந்து பருப்பு மிதந்தது.

அக்கா மூன்று தடவை ஒப்பந்தம் புதுப்பித்து, கடைசியில் ஊருக்கே திரும்பினாள். கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. என்னோடும் கணவரோடும் மகளோடும் தங்கினாள். எங்களிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு சவர்க்காரம் கூட.

ஃபாரூக் நானாவின் தீர்ப்பு

ஃபாரூக் நானா மாத்தளையில் வாஷிங் மெஷின் திருத்தும் பாஸ், அதாவது கைதேர்ந்த மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. எங்கள் மெஷினைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவர் அவர்தான். பெல்ட் மாற்றியது, குழாய் மாற்றியது, ஒரு முறை உள்ளே கூடு கட்டிய குளவியை விரட்டியது, எல்லாம் அவர்.

வந்து, மெஷினைச் சரித்து, கையை உள்ளே விட்டார். ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு பிடி மணல். நெல் உமி. சின்னச் சின்னக் கற்கள். ஒரு சட்டைப் பொத்தான். கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள் சாவி.

இதற்கு விளக்கம் வேண்டும். என் கணவருக்கு வேலை வில்கமுவ பக்கம். வார நாட்களில் அங்கேயே தங்குவார். வாய்க்கால், வயல், சேறு. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பை அழுக்கு உடுப்போடு வீட்டுக்கு வருவார். அந்தப் பையில் பாதி வயல் இருக்கும். அந்தச் சாவியை அவர் மாதக்கணக்கில் தேடியிருந்தார். நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! நான் சாவியை எடுத்து, துடைத்து, அவர் கையில் வைத்தேன். அவர் பூவரச மரத்தில் இருந்த ஒரு குருவியை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

ஃபாரூக் நானா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"டீச்சர், நான் பொய் சொல்ல மாட்டன். இது மௌத்தாப் போச்சு. மோட்டர் முழுக்க எரிஞ்சு ஈக்கி. இதுக்குப் பாட்ஸ் இப்ப வார இல்ல."

"ஓம், அதைத்தான் நானும் நினைச்சன்" என்றார் கணவர். "இஞ்ச பாரும், இது தன்ர காலத்தை முடிச்சிட்டுது. புதுசு ஒண்டு எடுப்பம். தேருக்கும் ஆக்கள் வருவினம்."

முத்துமாரியம்மன் தேருக்கு இன்னும் மூன்று வாரம்தான். தோட்டத்திலிருந்து என் சொந்தக்காரர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் படுக்கை விரிப்பும் போர்வையும் வேண்டும். அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"அக்கா பாலைவனத்துல கிடந்து வாங்கி அனுப்பினது. அதைத் தூக்கிப் போடச் சொல்ல உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

"நான் தூக்கிப் போடச் சொல்லேல்லையப்பா..."

"வேற என்ன சொன்னீங்க?"

ஃபாரூக் நானா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். "சரி டீச்சர்" என்றார் கடைசியில். "நீங்க இவ்வளவு சொல்றதால கண்டிக்கு அனுப்பி மோட்டருக்குப் புதுக் கம்பி சுத்திப் பாக்கிறன். கொஞ்ச நாள் போகும். இன்ஷா அல்லாஹ், பாப்போம்."

மோட்டரைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப் போனார். திங்கட்கிழமை கணவர் வில்கமுவ போய்விட்டார். அங்கே குளக்கட்டில் ஏறினால்தான் போனில் பேச முடியும். அந்த வாரம் அவர் இரண்டு நாள் குளக்கட்டில் ஏறவில்லை. நானும் அவருக்குப் போன் எடுக்கவில்லை.

சிவந்த சேலைகள்

மெஷின் இல்லாத நாட்களில் கையால்தான் துவைத்தோம். துவைத்தோம் என்று எழுதுவது கூடச் சரியில்லை. அக்கா துவைத்தாள்.

அக்காவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலாபத்வெல தாண்டி, தம்புள்ளை ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் அவள் வழிகாட்டி. அரபு நாடுகளிலிருந்து வருகிறவர்கள் கூடியபோது அரபு பேசத் தெரிந்த ஆள் தேடினார்கள். குவைத் குசினியில் அக்கா கற்றுக்கொண்ட அரபுக்கு அங்கே நல்ல மதிப்பு. மிளகுக் கொடிக்கும் ஏலச் செடிக்கும் நடுவில் நாள் முழுக்க நடப்பாள். மஞ்சளை உரசிக் காட்டுவாள், எண்ணெய் தடவிக் காட்டுவாள். வீட்டுக்கு வரும்போது பச்சைச் சேலையில் மஞ்சள் கறை இல்லாத நாளே கிடையாது.

மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் செக்கச் சிவந்துபோகும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதை வகுப்பில் செய்து காட்டுவதுண்டு, கைதட்டுவார்கள். அதே விஷயத்தை எங்கள் பின்பக்கத்தில், காலையில் ஐந்தரை மணிக்கு, குந்தியிருந்து சேலை கசக்கும் அக்காவின் கைகளில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"விடுக்கா, நான் பண்றேன்."

"நீ பள்ளிக்கூடம் போ. ஒனக்கு இது வராது. பாரு, நீ கசக்கினா கறை அப்பிடியே உக்காந்திருக்கு."

உண்மைதான். எனக்கு வரவில்லை. படுக்கை விரிப்பை முறுக்கிப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. அவள் ஒரு முறுக்கு முறுக்கினால் நான் என் பக்கத்தில் சுழன்று வாழை மரத்தில் மோதுவேன். அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் அவள் விரல் கணுக்கள் வீங்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

அவளுடைய மெஷினைக் காப்பாற்றப் போய் அவளையே மறுபடி துவைக்க வைத்துவிட்டேனே என்று வகுப்பில் பாடம் நடத்தும்போதும் தோன்றும். இருந்தாலும் விட மனம் வரவில்லை. அந்தப் பெட்டியைக் குப்பைக்காரனுக்குக் கொடுத்தால், அவள் அங்கே கழித்த வருடங்களுக்கு என்னிடம் மரியாதை இல்லை என்றல்லவா ஆகும்? இப்படி நினைத்தேனே தவிர, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாதிக்காய் மரத்தடியில்

ஒரு நாள் விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. அக்கா போனை வீட்டில் மறந்து வைத்திருந்தாள். கொண்டுபோய்க் கொடுப்போம் என்று தம்புள்ளை பஸ் ஏறினேன். இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்யும் இடத்துக்கு நான் போனது அதுதான் முதல் முறை.

ஒரு பெரிய குடும்பத்துக்கு அவள் தோட்டம் காட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு அபாயா போட்ட பெண்கள் ஐந்தாறு பேர், இரண்டு ஆண்கள், குழந்தைகள். அக்கா ஒரு ஏலக்காயைக் கிள்ளி, "ஹேல்!" என்று உயர்த்திக் காட்டினாள். கறுவாப் பட்டையை முகரக் கொடுத்து, "தார்சீன்!" என்றாள். பிறகு என்னவோ வேகமாகச் சொன்னாள். அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் குரல் உயர்த்தாத என் அக்கா, இடுப்பில் கை வைத்து, ஒரு மேடைப் பேச்சாளர் மாதிரி நின்றாள்.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து அவர்கள் முன்னால் நிறுத்தினாள். "உக்தி" என்றாள். என் தங்கை என்று அர்த்தமாம். கூட இன்னொரு சொல்லும் சொன்னாள். பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

"என்னக்கா சொன்ன?"

"டீச்சர்னு சொன்னேன்."

அவர்கள் எண்ணெய்ப் போத்தல்கள் வாங்கப் போன பிறகு நாங்கள் சாதிக்காய் மரத்தடியில் பலகையில் உட்கார்ந்தோம். தேத்தண்ணீர் வந்தது.

"மெஷின் கதை என்னாச்சு?" என்று கேட்டாள்.

"ஃபாரூக் நானா போன் பண்ணாரு. கண்டியில வேலை முடியப் போகுதாம். கவலைப்படாதக்கா, எப்படியாவது சரி பண்ணிடலாம்."

அவள் முகம் விழுந்துவிட்டது. கோப்பையைப் பலகையில் வைத்தாள்.

"அத விட்டுரு புள்ள."

"ஏன்க்கா?"

"விட்டுருன்னா விட்டுரு. அது புதுசு இல்ல."

"தெரியும்க்கா, பழசாயிடுச்சுதான், ஆனா..."

"நான் அனுப்பும்போதே பழசு."

எனக்கு விளங்கவில்லை. அவள் சாதிக்காய்ச் சருகு ஒன்றை எடுத்து விரலில் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்த மேடம் புது மெஷின் வாங்கினாங்க. பழச வாசல்ல வச்சுட்டாங்க, குப்ப லொறிக்கு. நான் எடுத்துக்கவான்னு கேட்டேன். ஒனக்கு எதுக்குன்னு சிரிச்சாங்க. ஊருக்கு அனுப்பன்னு சொன்னேன். நல்லவங்கதான், கார்கோவுக்கு அவங்களே சொல்லி விட்டாங்க. நான் ஒரு நாள் முழுக்க ஒக்காந்து பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சேன். மூடியில அந்தக் கீறல் மட்டும் போகல. அப்புறம் அப்பா போன் பண்ணாரு. 'புதுசாம்மா?'ன்னு கேட்டாரு. அவரு குரல்ல அப்பிடி ஒரு சந்தோசம். ஆமாப்பான்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு வார்த்த. பொறவு எப்பிடி மாத்துறது? அவரு அதுக்குப் பொட்டு வச்சு, கற்பூரம் காட்டி, லொறிக்காரனுக்கு ஏச்சும் குடுத்துட்டாரு."



"நீ வேற பேப்பர்ல எழுதிட்ட. புத்தம் புதுசுன்னு. இங்க மேனேஜர் வாசிச்சுட்டு வந்து எனக்குக் கை குடுத்தாரு. எனக்கு எங்க போய் ஒளியிறதுன்னு தெரியல."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. பிறகு, தேத்தண்ணீர்க் கோப்பையோடு தலை குனிந்து நின்ற அந்த லொறிக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா என்னை ஒரு நிமிடம் பயத்தோடு பார்த்தாள். பிறகு அவளும் தொடங்கினாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எண்ணெய்க் கடையிலிருந்து அந்த அபாயாப் பெண்கள் எட்டிப் பார்த்து, காரணம் தெரியாமல் அவர்களும் சிரித்தார்கள்.

"சரிக்கா" என்றேன் மூச்சு வாங்கியபடி. "அப்ப என்ன பண்ணலாம்? ஒனக்கு என்ன விருப்பம்?"

பல வருடத் தாமதத்தோடு கேட்ட கேள்வி. அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"மேடம் புதுசா வாங்கினது இருக்குல்ல, அது முன்னாடி ரவுண்டா கண்ணாடிக் கதவு வச்சது. உடுப்பு உள்ள சுத்துறது தெரியும். நொர வரும், கலரெல்லாம் மேல போய் மேல போய் விழும். எனக்கு அதுக்கு முன்னாடி ஒக்காந்து பாக்கணும்னு ஆச. ஒரு நாளும் ஒக்காந்ததில்ல. அது சுத்துற நேரத்துல எனக்கு வேற வேல இருக்குமே." சருகைக் கீழே போட்டாள். "அந்த மாதிரி ஒன்னு வேணும். என் சம்பளத்துல நான் வாங்குவேன். நீயும் அவரும் நடுவுல வரக் கூடாது."

அன்று பின்னேரம் நானே வில்கமுவவுக்குப் போன் எடுத்தேன். நல்ல வேளை, அவர் குளக்கட்டில் நின்றார்.

கண்ணாடிக் கதவு

சனிக்கிழமை மூன்று பேருமாக டவுனில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் நேராக என் கணவரிடம் வந்து பேசத் தொடங்கினார். கணவர், "அக்காவோட கதையுங்கோ" என்று கை காட்டினார்.

மேலே மூடி திறக்கும் மெஷின்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் குறைவு, கரண்ட் குறைவு, குனியத் தேவையில்லை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டே அவற்றைத் தாண்டிப் போனாள். கடைசியில் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு மெஷின் இருந்தது. அதன் முன்னால் தரையில் மண்டியிட்டாள். கதவைத் திறந்தாள். தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். மூடினாள். 'க்ளிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திறந்து மூடினாள். மறுபடி 'க்ளிக்'.

"இதான்" என்றாள்.

கணவர் தொண்டையைச் செருமினார். சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அகலம் சரி, உயரம் சரி. ஆனால் ஒரு பிரச்சினை.

"அக்கா, எங்கட வீட்டுத் தண்ணி ராங்கி பதிவு, உயரமில்லை. இதுக்கு அந்த அழுத்தம் காணாது."

 அக்கா தரையில் இருந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப டேங்க்க ஒசத்திருவோம். அது நீங்க செய்யலாம்தானே?"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மனைவியின் கோபத்தையும் தொலைந்த சாவியையும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற மனிதருக்குக் கடைசியில் ஒரு பொறியியல் வேலை கிடைத்துவிட்டது. அன்று பின்னேரமும் மறுநாள் காலையும் இரும்புக் கோணங்களை இணைத்து, தண்ணீர்த் தாங்கியை உயர்த்தி வைக்க ஒரு மேடை கட்டினார். நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். ஒரு சின்னக் குளம் கட்டுவது போலத்தான் வேலை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் புது மெஷின் வந்து இறங்கியது. அதைக் கொண்டுவந்த வாகனம் திரும்பிப் போகவும், எதிரே ஒரு ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உள்ளே ஃபாரூக் நானா. மடியில் குழந்தை மாதிரி ஒரு பேப்பர்ப் பொட்டலம்.

"டீச்சர்! உசிர் வந்துட்டு!" என்றார் இறங்கும்போதே. "கண்டியில ஒரு கெட்டிக்கார மனிசன் செஞ்சி தந்த..."

அப்போதுதான் புது மெஷினைக் கண்டார். 

அவருக்குச் சொல்ல நாங்கள் மறந்தே போயிருந்தோம். அக்காதான் சொன்னாள், "பரவாயில்ல நானா, பூட்டிப் பாப்போம்" என்று. மோட்டரை உள்ளே பூட்டினார். பிளக்கைப் போட்டார். பழைய மெஷின் ஒரு குலுக்கல் கூட இல்லாமல், பூனை உறுமுவது போல ஓடியது. எங்களிடம் வந்த காலத்தில் கூட அது அப்படி ஓடியதில்லை. நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தோம்.

"நானா, இத நீங்க கொண்டு போங்க" என்றாள் அக்கா.

"சே, சே! அது எப்பிடித் தங்கச்சி..." என்று இரண்டு அடி பின்னால் போனார். பிறகு நின்றார். மெஷினைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொன்னா, எங்க ஊட்ல மெஷின் இல்ல. ஊரெல்லாம் மெஷின் திருத்துற, ஊட்டுக்கு ஒன்னு இல்லன்னு பொண்டாட்டி எத்தின வருசமா ஏசுறா. கடைக்கு வாரது எல்லாம் மத்தவங்கட சாமான்தானே."

அக்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு நேராகச் சொன்னாள்.

"ஒன்னு சொல்லணும் நானா. அது நான் குவைத்துல இருந்து அனுப்பும்போதே பாவிச்சது. வீட்ல சொல்லிடுங்க."

ஃபாரூக் நானா சிரித்தார்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும் தங்கச்சி. பெல்ட் மாத்த முதல் முதல் தொறந்தது நான்தானே? உள்ள தேஞ்சு ஈந்த விதத்தப் பாத்தாலே விளங்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன் நானா ஒன்னுமே சொல்லல?"

"நீங்க கேக்க இல்லயே டீச்சர். அக்கா புதுசா வாங்கி அனுப்பினதுன்னு நீங்க அவ்வளவு பெருமையாச் சொல்லக்குள்ள, நான் எதுக்கு வாயத் தொறக்கிற?"

கணவரும் ஃபாரூக் நானாவுமாகப் பழைய மெஷினை ஆட்டோவில் ஏற்றினார்கள். அது உள்ளே முழுதாக நுழையவில்லை. ஃபாரூக் நானா ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு போனார். ரோட்டு முனையில் திரும்பும்வரை எங்களுக்குக் கை காட்டிக்கொண்டே போனார். அதற்காகக் கையை விட்டபோதெல்லாம் மெஷின் சரிந்தது.

முதல் துவைப்பு

பின்பக்கத்தில் அக்கா ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். தேருக்கு வருகிறவர்களுக்கான விரிப்புகளை உள்ளே திணித்தாள். தன் பச்சைச் சேலையையும் போட்டாள். சவர்க்காரத் தூள் போட்டு, கதவை மூடி, பொத்தானை அழுத்தினாள்.

தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. கணவர் ஓடிப்போய்த் தாங்கியைப் பார்த்துவிட்டு வந்து, "அழுத்தம் காணும்" என்று அறிவித்தார்.

அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். என் மகளும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் கணவரும், ஏதோ வேலை இருப்பது போல நின்றுவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

கண்ணாடிக்குள் நீல விரிப்பு மேலே போனது, விழுந்தது. பச்சைச் சேலை மேலே போனது, விழுந்தது. மஞ்சள் கறை சிவப்பாக மாறி, நுரை ரோஸ் நிறமாகி, மெல்ல மெல்ல வெளுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நான் இரண்டு தடவை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அக்கா இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. குவைத்தில் அந்த மேடத்தின் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்த கதை சொன்னாள். பாதியில் கதையை நிறுத்திவிட்டு, "இந்தா, இப்ப வேகமாச் சுத்தும் பாரு" என்றாள். சுற்றியது.

கடைசியில் மெஷின் ஒரு சின்னப் பாட்டுப் போட்டு நின்றது. நான் கொடியில் காயப்போட எழும்பி, விரிப்புகளைக் கூடையில் அள்ளினேன். அக்கா எழும்பவில்லை. சுற்று முற்றும் பார்த்தாள். வீட்டில் அழுக்கு உடுப்பு ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து உள்ளே போனாள். ஜன்னல் திரைகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள். போதவில்லை போலிருக்கிறது. அலுமாரியில் தொங்கிய, இஸ்திரி போட்ட கணவரின் சட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, அதுகள் தோய்ச்ச சேட்டுகள்!" என்றார் கணவர்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா, கதவைத் திறந்து அவற்றை உள்ளே போட்டபடி. "புள்ள, இன்னொரு தேத்தண்ணி ஊத்து."